அந்தப் பெரியவர் சொன்ன ‘ரம்’

அன்புள்ள மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கும் அம்மாவுக்கும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பிள்ளை அழுதாளே, சாப்பிட்டாளோ இல்லையோ என்று அம்மா புரண்டுகொண்டிருந்தாள். நான் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விடிந்ததும் முதல் வேலையாகப் பரணில் இருந்த பெரிய அகராதிகளை இறக்கித் தூசி தட்டினேன். மூன்று நாட்களாக அவற்றோடுதான் இருக்கிறேன். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். இரவுப் பணி இல்லாத நாளில் நிதானமாகப் படி.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். இங்கிலாந்தில் நீ செவிலியராக வேலை செய்யும் வார்டில் எண்பதை எட்டிய ஓர் ஆங்கிலேயப் பெரியவர். காலையில் நீ போய் நலம் கேட்டபோது, இன்று தனக்குக் கொஞ்சம் ‘ரம்’ ஆக இருக்கிறது என்றார். நீ அவர் மது அருந்தியிருக்கிறார் என்று எண்ணி, எப்போது, எவ்வளவு என்று கேட்டாய். அவர் விழித்தார். நீ அதைக் குறிப்பேட்டிலும் எழுதிவிட்டாய். மேல்நிலைச் செவிலியர் அதைப் படித்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ‘ஆங்கில வாத்தியார் மகளாக இருந்து என்ன பயன் அப்பா’ என்று நீ கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது, கயல். ஏனென்றால் இந்தச் சொல்லில் தவறியவன் நான். உனக்கு அதைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் பக்க நியாயம். நம் வீட்டில் ‘ரம்’ என்றால் ஒரே பொருள்தான். உன் பெரியப்பா ராணுவத்தில் இருந்தபோது ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். பச்சை வண்ணம் பூசிய அந்த இரும்பு டிரங்குப் பெட்டியில், கம்பளிக்குள் சுருட்டியபடி கேன்டீன் பாட்டில்கள் இரண்டு இருக்கும். ஒன்று யாருக்கோ போய்விடும். மற்றொன்று அலமாரியின் மேல்தட்டில், பஞ்சாங்கத்துக்குப் பின்னால் நிற்கும். ஐப்பசி மழையில் யாருக்காவது மார்ச்சளி கட்டினால் பாட்டி அதன் மூடியில் ஒரு மூடி அளந்து வெந்நீரில் ஊற்றிக் கொடுப்பாள். பிறகு மூடியைக் கழுவி, முந்தானையில் துடைத்து, திருகி வைப்பாள். ரம் என்ற ஒலியைக் கேட்டதும் உன் மனம் அந்த அலமாரிக்குத்தான் போயிருக்கும். வேறு எங்கே போகும்? வயதானவர், மருந்துகள் உட்கொள்பவர், மது அருந்தியிருக்கக்கூடும் என்ற ஐயம் வந்ததும் நீ கேட்டாய். கேட்டது சரி.

அவர் சொன்னதன் பொருள், ‘உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்பதுதான். இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. நாமும் உடம்பு சரியில்லை என்றால் ‘ஒரு மாதிரி இருக்கிறது’ என்கிறோம். விளங்காத குணம் உள்ளவனையும் ‘அவன் ஒரு மாதிரி ஆள்’ என்கிறோம். ஆங்கிலத்தின் அந்த ‘ரம்’ இந்த இரண்டு இடத்திலும் அப்படியே வந்து உட்கார்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆங்கிலேயப் பெண் வேலைக்கு வந்து, அகராதியில் ‘மாதிரி’ என்ற சொல்லைத் தேடினால் என்ன கிடைக்கும்? சோதனைக்கு எடுக்கும் மாதிரி கிடைக்கும். அவள் ரத்தம் எடுக்க ஊசியோடு வந்து நிற்பாள். அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

அகராதிகள் ‘ரம்’மை இரண்டு தனிச்சொற்களாகப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. ஒன்று மது. மற்றொன்று விசித்திரமான, சரியில்லாத என்னும் பெயரடை. இரண்டாவது இங்கிலாந்திலேயே இப்போது பழைய வாசனை அடிக்கும் சொல். நீ இருக்கும் நார்ஃபோக்கில் அது இன்னும் ஊர்ப்பேச்சில் உயிரோடு இருக்கிறது. வேடிக்கையான ஆளை ‘ரம் அன்’ என்பார்கள். நடந்த ஒரு காரியம் விளங்காமல் இருந்தால் ‘ரம் டூ’ என்பார்கள். இந்தப் பெயரடைதான் மதுவைவிட வயதில் மூத்தது. அதன் கதையை முதலில் சொல்கிறேன். எனக்கு இந்த மூன்று நாட்களில் மிகவும் பிடித்துப்போன பகுதி அது.

பத்தாம் வகுப்பில் தமிழையா உனக்குக் குழூஉக்குறி சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். ஒரு கூட்டத்தார் பிறருக்குத் தெரியாமல் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர்கள். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாடோடிகளும் திருடர்களும் பிச்சைக்காரர்களும் இப்படி ஒரு குழூஉக்குறி வைத்திருந்தார்கள். கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த தாமஸ் ஹார்மன் என்பவர், தம் வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தச் சொற்களைத் திரட்டி நூலாக வெளியிட்டார். 1567-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நம் சொல் இருக்கிறது, ‘ரோம்’ என்ற வடிவில். ‘பூஸ்’ என்றால் குடிக்கும் பானம். ‘ரோம் பூஸ்’ என்றால் திராட்சை மது. ‘வைல்’ என்றால் ஊர். ‘ரோம் வைல்’ என்றால் லண்டன். ‘மார்ட்’ என்றால் பெண். ‘ரோம் மார்ட்’ என்றால் மகாராணி. அப்போது அரியணையில் இருந்தவர் முதலாம் எலிசபெத். அந்த ‘பூஸ்’ இன்றும் மதுவுக்கு ஆங்கிலத்தில் வழங்குகிறது, நீயே கேட்டிருப்பாய்.

ஆக, ரம் என்றால் அந்தக் காலத்தில் உயர்ந்தது, அருமையானது, முதல்தரமானது. ராணிக்கே அடைமொழியாக நின்ற சொல். அது எப்படி ‘ஒரு மாதிரி’ ஆனது?

1785-இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியில் ‘ரம்’ என்று தொடங்கும் தொடர்கள் வரிசையாக நிற்கின்றன. ‘ரம் கல்’ என்றால் எளிதில் ஏமாற்றக்கூடிய பணக்கார முட்டாள். திருடன் கண்ணுக்கு அவன் அருமையானவன்தானே! ‘ரம் டியூக்’ என்ற தொடருக்கு அவர் முதலில் மகிழ்ச்சியான, அழகான ஆள் என்று பொருள் தருகிறார். அதே வரியில் அடுத்து, விசித்திரமான ஆள் என்றும் தருகிறார். இரண்டு பொருளும் ஒரே வரியில் தோளோடு தோள் நிற்கின்றன. ஒரு சொல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும்போது பாதி ஆற்றில் அதைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. அந்தப் பக்கத்தை நான்கைந்து முறை படித்தேன்.

காரணம் என்ன என்று கேட்டால், திருடர்கள் ஒருவரையொருவர் இந்தச் சொல்லால் பாராட்டிக்கொண்டதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். திருடன் ‘அருமையான ஆள்’ என்று ஒருவனைச் சொன்னால், கேட்கும் ஊரார் அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நம்மிடமும் இது உண்டு. ‘பலே’ என்பது கைதட்டும் சொல். ஆனால் ‘அவன் பலே பேர்வழி’ என்று சொன்னால் நீ உன் கைப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். பாராட்டும் சொல், பாராட்டப்பட்ட ஆளின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது.

அந்தப் பழைய ‘ரோம்’ எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிகள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. ரோம் நகரத்தின் பெயரே பெருமைச் சொல்லானது என்று ஓர் ஊகம். மற்றொன்று நம் பக்கம் வருகிறது. ஐரோப்பாவின் ரோமானி மக்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடஇந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் மொழியில் ‘ரோம்’ என்றால் ஆண், கணவன், தங்கள் இனத்தவன். சமஸ்கிருத ‘டோம்ப’ என்ற சொல்லோடு அதை மொழியியலாளர்கள் இணைக்கிறார்கள். மேற்காசியாவில் இருக்கும் அவர்களுடைய உறவுக் குழுவினர் ‘டோம்’ என்றும், ஆர்மீனியாவில் ‘லோம்’ என்றும் தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ரோமானி மக்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1530-இல் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றச் சட்டமே போட்டார்கள். அவர்களும் ஆங்கில நாடோடிகளும் ஒரே சாலையில் நடந்தவர்கள், ஒரே அதிகாரிக்கு அஞ்சியவர்கள். சொல் கைமாறியிருக்க வழி இருக்கிறது. கைமாறியதற்குச் சான்றுதான் இல்லை. நண்பனை ‘பால்’ என்கிறார்களே, அது மட்டும் உறுதியாக ரோமானிச் சொல். சகோதரன் என்று பொருள். சமஸ்கிருத ‘பிராத்ரு’வின் வழிவந்தது. உன்னோடு வேலை செய்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் அந்தச் சொல் ஆயிரம் ஆண்டு நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி மதுவுக்கு வருகிறேன்.

உன் தாத்தா கரும்பாலையில் பாகு காய்ச்சியவர். நீ பிறப்பதற்கு முன்பே ஆலையை விட்டுவிட்டார், அதனால் நீ பார்த்ததில்லை. நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் அடுப்பில் கரும்புச் சக்கை எரியும். கொப்பரையில் சாறு கொதித்து வரும்போது மேலே கறுத்த நுரையாக அழுக்கு திரளும். தாத்தா நீண்ட காம்பு போட்ட அகப்பையால் அதை வழித்து வழித்துப் பக்கத்துக் குழியில் கொட்டுவார். இரண்டு நாள் போனால் அந்தக் குழி தானாகப் பொங்கும். புளித்த வாடை அடிக்கும். தேனீயும் ஈயும் மொய்க்கும். ஒருமுறை எங்கள் மாடு அதில் வாய் வைத்துவிட்டுத் தள்ளாடி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். தாத்தா குழியின் மேல் முள்ளை வெட்டிப் போட்டார்.

கரீபியன் பகுதியின் பார்படோஸ் தீவில் ரம் பிறந்ததும் அந்தக் குழியில்தான் என்று சொல்லலாம். 1640-களில் அந்த ஆங்கிலேயத் தீவு முழுவதும் கரும்புக்கு மாறியது. 1647 முதல் 1650 வரை அங்கே இருந்த ரிச்சர்ட் லிகன் என்பவர், திரும்பி வந்து 1657-இல் அச்சிட்ட நூலில், கொப்பரையிலிருந்து வழித்த நுரையைத் தொட்டிகளில் புளிக்கவிட்டு அதைக் காய்ச்சி வடித்ததை எழுதியிருக்கிறார். சர்க்கரை மணிகளைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுப்பாகையும் நீர் கலந்து இப்படியே புளிக்கவைத்துக் காய்ச்சினார்கள். வீணாகப் போவதிலிருந்து மது. லிகன் அதை ரம் என்று எழுதவில்லை. ‘கில் டெவில்’ என்று எழுதுகிறார், பேயைக் கொல்வது. 1651 அளவில் அதே தீவிலிருந்து எழுதப்பட்ட ஒரு குறிப்பில்தான் நம் சொல்லின் முன்னோர் வருகிறது: ‘ரம்புல்லியன், மறுபெயர் கில் டெவில்’. கரும்பிலிருந்து வடிப்பது, சூடான, நரகத்துக்குரிய, பயங்கரமான மது என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. மூன்றே ஆண்டில், 1654-இல், வட அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தின் மன்றம் பார்படோஸ் மதுவைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டபோது, பொதுவாக ‘ரம்’ என்று வழங்கப்படுவது என்று குறிப்பிட்டது. வால் அதற்குள் உதிர்ந்துவிட்டது.

ரம்புல்லியன் என்றால் என்ன? இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டெவன் வட்டார வழக்கில் பெரும் அமளி, கூச்சல் குழப்பம் என்று பொருள். அந்தப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் மாலுமிகளாகவும் பார்படோசுக்குப் போனவர்கள் பலர். குடித்தால் என்ன நடக்குமோ அதையே மதுவுக்குப் பெயராக வைத்தார்கள் போலும். நம் வேடர் கள்ளுக்குச் ‘சொல்விளம்பி’ என்று வைத்தார்களே, அதே பார்வை. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த அமளிப் பொருள் அகராதிகளில் பதிவானது மிகப் பிற்காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில். அமளியிலிருந்து மது வந்ததா, மதுவிலிருந்து அமளி வந்ததா என்று முடிவுகட்ட முடியவில்லை. இன்னொரு சாரார், திருடர் மொழியின் அந்த ‘அருமையான’ ரம்தான் இதற்குள்ளும் இருக்கிறது என்கிறார்கள். ஆகவே இரண்டு ரம்மும் உறவா, வெறும் ஒலி ஒற்றுமையா என்பதே தீராத வழக்கு. உன் வார்டில் சிரித்தவர்களில் ஒருவருக்கும் இதற்கு விடை தெரியாது. ஆங்கில அகராதிகளைத் தொகுத்தவர்களே ‘அறியப்படவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

சொல்லை மட்டும் சொல்லிவிட்டு அந்தத் தீவைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கொப்பரைகளின் முன் நின்றவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். உருளைகளில் கரும்பைச் செலுத்தும்போது தூக்கக் கலக்கத்தில் கை மாட்டிக்கொள்ளும். மாட்டினால் கையை வெட்டி ஆளை மீட்பதற்காக அருகிலேயே கோடாரி வைத்திருந்தார்கள். வட அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்து வணிகர்கள் கரீபியன் தீவுகளின் கழிவுப்பாகை வாங்கி ரம் காய்ச்சி, அதையே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அடிமைமுறை சட்டப்படி முடிந்தபின் மொரீஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் கரும்பு வெட்டக் கப்பல் ஏறியவர்களில் நம் மக்களும் உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் டர்பனில் நின்றது. தாத்தாவின் ஆலையில் பாகு வாசனையை நான் இனிப்பாகவே நினைவில் வைத்திருந்தேன். இவற்றைப் படித்தபின் அது கொஞ்சம் மாறிவிட்டது.

இப்போது என் தவறு. நீ மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆண்டு அது. சொற்களின் பயணம் என்று ஒரு வகுப்பு எடுத்தேன். கரும்பலகையில் ‘சர்க்கரை’ என்று எழுதி, அம்புக்குறி போட்டு, லத்தீன் ‘சாக்கரம்’ என்று எழுதி, அதன் கடைசி எழுத்துகளை வட்டமிட்டு, ‘இதோ ரம்!’ என்றேன். வகுப்பே கைதட்டியது. நீயும் தட்டினாய். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதையே சொன்னேன். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்துகொண்டேன், அது பொய்க்கதை.

பாதிவரை உண்மை. சமஸ்கிருத ‘சர்க்கரா’ என்றால் முதலில் பருக்கைக்கல், சரளை. அதிலிருந்து சர்க்கரைப் பருக்கை. அது மேற்கே போய்க் கிரேக்கத்தில் ‘சாக்கரோன்’ என்றும் லத்தீனில் ‘சாக்கரம்’ என்றும் ஆனது. அரபு வழியாகப் போனது ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆனது. பிராகிருதம் வழியாக நம்மிடம் வந்தது ‘அக்காரம்’. ஆண்டாள் நூறு தடா நேர்ந்தாளே, அந்த அக்கார அடிசிலில் இருப்பது. இதெல்லாம் உறுதி. ஆனால் ‘சாக்கரம்’ வெட்டுப்பட்டு ‘ரம்’ ஆனதற்கு ஒரு வரிச் சான்றுகூட இல்லை. அகராதிகள் பெரும்பாலும் காட்டும் மூல வடிவம் ரம்புல்லியன்; குட்டைச் சொல் அதன் சுருக்கம் என்கிறார்கள். ‘சாக்கரம்’ மூலமாக இருந்தால் நடுவே ரம்புல்லியன் எதற்கு? அதற்குப் பெயர் வைத்தவர்கள் கூலிகளும் மாலுமிகளும். லத்தீன் பண்டிதர்கள் அல்லர். கரும்புக்கு லின்னேயஸ் ‘சாக்கரம்’ என்று தாவரவியல் பெயர் சூட்டிய 1753-ஆம் ஆண்டுக்குள் ரம்முக்கு வயது நூறு ஆகிவிட்டது.

நான் ஏன் இத்தனை ஆண்டு சோதிக்காமல் நம்பினேன் என்று யோசித்தேன். அது நம் சொல்லாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கரும்பு விளையும் ஊரில், பாகு காய்ச்சியவன் மகன், உலகமெல்லாம் புழங்கும் ஒரு சொல்லுக்குள் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டதும் மகிழ்ந்துபோனேன். மகிழ்ச்சியில் அகராதியைத் திறக்கவில்லை. உனக்குத் தெரிந்த ஒரே ரம்மை நீ எழுதினாய். எனக்குப் பிடித்த ரம்மை நான் கற்பித்தேன். இரண்டில் என்னுடையதே பெரிய பிழை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. உன் வகுப்புத் தோழிகள் யாரோடாவது நீ பேசுவதுண்டு என்றால் இதைச் சொல்லிவிடு. இங்கே பஸ்ஸில் சந்திக்கும் பழைய மாணவர்களிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் இளமையில் கப்பற்படையில் இருந்தவர் என்று நீ முன்பு சொன்னாய். அதனால் இதையும் எழுதுகிறேன். ஆங்கிலேயர் 1655-இல் ஜமைக்காவைக் கைப்பற்றியபின் அங்கிருந்த மாலுமிகளுக்கு ரம் கொடுக்கத் தொடங்கினார்கள். வெப்பக் கடல்களில் பீர் கெட்டுப்போகும்; ரம் கெடாது. 1731-இல் தினம் அரை பைன்ட், அதாவது ஏறத்தாழ கால் லிட்டர், விதியிலேயே இடம்பெற்றது. ஒரு மனிதன் தினம் அவ்வளவு குடித்துவிட்டுப் பாய்மரம் ஏறினால் என்ன ஆகும்? 1740 ஆகஸ்ட் 21-ஆம் நாள் எட்வர்ட் வெர்னன் என்ற கடற்படைத் தளபதி, அரை பைன்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது நான்கு பங்கு, கலந்துதான் தரவேண்டும் என்று உத்தரவிட்டார். கலப்பது மேல்தளத்தில், அதிகாரியின் கண் முன்னால். அவர் எப்போதும் ‘க்ரோகிரம்’ என்ற முரட்டுத் துணியில் தைத்த மேலங்கி அணிவாராம். அதனால் மாலுமிகள் அவரைக் ‘கிழட்டு க்ரோக்’ என்று அழைத்தார்கள். அவர் தண்ணீர் கலந்த மதுவும் ‘க்ரோக்’ ஆனது. மயக்க மருந்து தெளிந்து எழும் நோயாளிகள் ‘க்ரோகி’யாக இருக்கிறது என்று உன்னிடம் நாள்தோறும் சொல்வார்களே, அது இதிலிருந்து வந்தது. பார், ரம் உன் வார்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. வேறு சட்டை போட்டுக்கொண்டு.

உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரும் இதில் வருகிறார். புகழ்பெற்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் 1758-இல் நார்ஃபோக்கின் பர்ன்ஹம் தார்ப் என்ற ஊரில் பிறந்தவர். 1805-இல் டிரஃபால்கர் போரில் இறந்ததும் உடலைக் கெடாமல் ஊருக்குக் கொண்டுவரப் பீப்பாயில் இட்டார்கள். மாலுமிகள் அதில் இருந்தது ரம் என்றே சொல்லிச் சொல்லி, கப்பற்படை ரம்முக்கு ‘நெல்சனின் இரத்தம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் பீப்பாயில் ஊற்றியது பிராந்தி. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் ரம் அளவை இருமுறை பாதியாகக் குறைத்தார்கள். கடைசியாக 1970 ஜூலை 31-ஆம் நாள் அந்த வழக்கத்தையே நிறுத்தினார்கள். அன்று மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கடைசிக் குவளையை வாங்கினார்கள். சில கப்பல்களில் அதற்குச் சவ அடக்கமே செய்தார்கள்.

சிறு சொற்களையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்டால் உதவும். பெட்டியைக் கலைத்துத் தேடுவதை ‘ரம்மேஜ்’ என்கிறார்களே, அதற்கும் ரம்முக்கும் தொடர்பில்லை. கப்பலின் அடியறையில் பீப்பாய்களை அடுக்குவதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் பொங்கல் விடுமுறையில் விடிய விடிய ஆடுவோமே, அந்த ரம்மிக்கு மூலம் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் ரம் என்றே ஒரு தீவு இருக்கிறது. அதுவும் வேறு சொல்.

அந்தப் பெரியவர் இன்னும் வார்டில் இருக்கிறாரா? இருந்தால், பணி முடிந்தபின் ஐந்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார். அவர் வயதைக் கணக்கிட்டால் 1970-இல் இருபதுகளின் நடுவில் இருந்திருப்பார். அந்த ஜூலை 31 அன்று எந்தக் கப்பலில் இருந்தார், கடைசிக் குவளையைக் குடித்தாரா என்று கேள். அவருடைய பாட்டன் பாட்டி ‘ரம்’ என்பதை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்றும் கேள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி அனுப்பு. என் அகராதியில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். அடியில் ஒரு கிலோ அச்சுவெல்லம் இருக்கிறது, இந்த ஆண்டுப் புதுக்காய்ச்சல். இரவுப் பணியில் தேநீரில் போட்டுக் குடி.

அன்புடன்,
அப்பா